இன்றே நிறுத்திவிட வேண்டுமா, டாக்டர்?

கேள்வி: என் வயது 29. முதல்முறையாகக் கருவுற்றிருக்கிறேன். கடைசி மாதவிலக்கு வந்து இன்றோடு 44 நாள்கள். இரண்டரை ஆண்டுகளுக்கு முன் ஒரு விபத்தில் முதுகில் அடிபட்டது. வலிக்காகப் பத்து நாள்களுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை நான் நிறுத்தவே இல்லை. பழைய சீட்டைக் காட்டியே வாங்கிக்கொண்டிருக்கிறேன். முதலில் நாளுக்கு இரண்டு, இப்போது எட்டு. வலி எப்போதோ போய்விட்டது. ஆனால் மாத்திரை போடாவிட்டால் உடம்பு நிலைகொள்ளாமல் தவிக்கிறது. தூக்கம் வராததால் ஒரு வருடமாக இரவில் அல்ப்ரஸோலம் 0.5 மில்லிகிராம் மாத்திரை இரண்டும் போடுகிறேன். கர்ப்பம் என்று தெரிவதற்கு முன், மாதவிலக்கு வந்த 19ஆம் நாள், ஒரு விருந்தில் இரண்டு கோப்பை ஒயின் குடித்தேன். கர்ப்பம் உறுதியானதும் எல்லாவற்றையும் நிறுத்தினேன். மறுநாளே வியர்வை, நடுக்கம், மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, நெஞ்சுப் படபடப்பு. ஒன்றரை நாள்தான் தாங்கினேன். நான்கு மாத்திரைகளை ஒன்றாக விழுங்கிவிட்டுக் குளியலறையில் உட்கார்ந்து அழுதேன். நான் வலி மாத்திரை போடுவது கணவருக்குத் தெரியும், எத்தனை என்று தெரியாது. குழந்தைக்கு ஏற்கெனவே ஊனம் ஏற்பட்டிருக்குமா? இன்றே நிறுத்திவிட வேண்டுமா? கருவைக் கலைத்துவிடுவதுதான் நல்லதா? டாக்டரிடம் சொன்னால் என்னை என்னவென்று நினைப்பார்? மாத்திரை அட்டையின் பின்புறத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் இரண்டாவது கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்குத்தான் அவசரம். வேண்டாம். இன்றே, ஒரே மூச்சில், யாருக்கும் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். ஒரு மகப்பேறு மருத்துவர் கர்ப்பிணியிடம் இப்படிச் சொல்வது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். நீங்கள் இந்த மாத்திரைகளை விட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. விடும் முறையில்தான் உங்கள் உயிரும் கருவின் உயிரும் இருக்கின்றன.

இரண்டு நாள்களுக்குள் ஒரு மகப்பேறு மருத்துவரை நேரில் பாருங்கள். அதுவரை, வழக்கமாகப் போடும் அளவையே நாள் முழுவதும் இடைவெளி விட்டுப் பிரித்துப் போடுங்கள். அதற்கு மேல் ஒரு மாத்திரைகூட வேண்டாம். அன்று செய்ததுபோல் நான்கை ஒன்றாக விழுங்கக் கூடாது. மதுவை அறவே தொடாதீர்கள். வலிப்பு வந்தாலோ, பிறப்புறுப்பில் இரத்தம் கண்டாலோ, அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி எடுத்தாலோ, எழுப்பினாலும் தெளியாத மயக்கம் வந்தாலோ அந்த இரண்டு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம், உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இனி, அந்த ஒன்றரை நாளில் உங்களுக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன். நீங்கள் அதை உங்கள் மனவலிமைக்கு வந்த தோல்வியாக எழுதியிருக்கிறீர்கள். அது அப்படியல்ல. நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மாத்திரையிலும் டிரமடால் 37.5 மில்லிகிராம், பாரசிட்டமால் 325 மில்லிகிராம். டிரமடால் அபின் வகையைச் சேர்ந்த வலி மருந்து. மாதக்கணக்கில் அது உடம்பில் இருக்கும்போது மூளையும் குடலும் நரம்புகளும் அதற்கேற்பத் தங்களை மாற்றி அமைத்துக்கொள்கின்றன. திடீரென அது இல்லாமல் போனால், இதுவரை அழுத்தி வைத்திருந்ததெல்லாம் ஒரே நேரத்தில் மேலெழுகிறது. மூக்கு ஒழுகுவதும், வயிறு இளகுவதும், மயிர்க்கூச்செறிவதும், கொட்டாவி மேல் கொட்டாவி வருவதும் அதனால்தான். உங்கள் இடத்தில் யார் இருந்தாலும் இதே எட்டு மாத்திரைகளுக்கு இதே உபாதைதான் வரும்.

கர்ப்பத்தில் இந்த உபாதை வெறும் வேதனையோடு நின்றுவிடுவதில்லை. அட்ரினலின் வகைச் சுரப்புகள் பொங்குகின்றன, வாந்தியும் பேதியும் உடலின் நீரை வற்றச் செய்கின்றன, கருப்பையில் சுருக்கங்கள் வரலாம். கரு கலையும் ஆபத்தும், பிந்திய மாதங்களில் குறைப்பிரசவ ஆபத்தும் இருப்பதால்தான் அபின் வகை மருந்துகளைக் கர்ப்பத்தில் திடீரென நிறுத்த வேண்டாம் என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. இன்னொரு காரணமும் உண்டு. நிறுத்தியவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போலவே திரும்பப் போகிறார்கள். சில வாரங்கள் விட்டிருந்தால் உடம்பின் தாங்குதிறன் குறைந்திருக்கும். அப்போது பழைய அளவைப் போட்டால் அதுவே மூச்சை நிறுத்தும் அளவாகிவிடலாம்.

அல்ப்ரஸோலம் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். இந்த வகைத் தூக்க மாத்திரையை ஒரு வருடம் போட்டுவிட்டுச் சட்டென நிறுத்தினால் வலிப்பு வரலாம். டிரமடாலும் தன் பங்குக்கு வலிப்பைத் தூண்டக்கூடியது. நாளுக்கு 400 மில்லிகிராமைத் தாண்டும்போது அந்த ஆபத்து கூடுகிறது. நீங்கள் எட்டு மாத்திரையில் 300 மில்லிகிராம் எடுக்கிறீர்கள், எல்லை தொலைவில் இல்லை. கர்ப்பிணிக்கு வலிப்பு வந்தால் அந்த நிமிடங்களில் கருவுக்கும் பிராணவாயு குறைகிறது. அந்த ஒன்றரை நாளில் உங்களுக்கு வலிப்பு வராமல் போனதற்கு நான் உண்மையாகவே நன்றியோடு இருக்கிறேன்.

சரி, எப்படித்தான் விடுவது? இரண்டையும் ஒரே நேரத்தில் குறைக்கப் பார்ப்பதில்லை. எதை முதலில், எவ்வளவு வேகத்தில் என்பதை உங்கள் மகப்பேறு மருத்துவரும், பழக்கத்திலிருந்து விடுவிக்கும் பயிற்சி பெற்ற மனநல மருத்துவரும் சேர்ந்து தீர்மானிப்பார்கள். அல்ப்ரஸோலத்தை வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைப்பார்கள். சில நேரம் உடலில் அதிக நேரம் தங்கும் வேறொரு மருந்துக்கு மாற்றிய பிறகு குறைப்பார்கள். டிரமடாலுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கண்காணிப்பில் மெல்லக் குறைப்பது. மற்றொன்று, அதே அபின் வகையைச் சேர்ந்த, ஆனால் உடலில் நீண்ட நேரம் தங்கும் புப்ரினார்பின் அல்லது மெதடோன் என்ற மருந்துக்கு மாற்றி, கர்ப்பம் முழுவதும் சீரான அளவில் வைத்திருப்பது. "ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா?" என்று வீட்டில் யாராவது கேட்கக்கூடும். அளவு ஏறி இறங்கி, உடம்பும் கருவும் நாளுக்கு நாலு முறை அலைக்கழிக்கப்படும் நிலையிலிருந்து, மாறாத ஒரே அளவுக்கு வருவதுதான் இந்தச் சிகிச்சை. சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் எப்படியோ அப்படித்தான் இதையும் பார்க்க வேண்டும்.

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவியது நீங்கள் கொடுத்த நாள்கணக்கு. கர்ப்பத்தின் வாரங்களை நாங்கள் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறோம். கரு உருவாவது ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்துத்தான். உங்கள் 44 நாள் என்பது ஆறு வாரமும் இரண்டு நாளும், ஆனால் கருவின் வயது சுமார் 30 நாள். மாதவிலக்கு ஒழுங்காக வருபவர் என்றால் இந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாக இருக்கும். முதல் ஸ்கேன் அதை உறுதிசெய்யும்.

அந்த ஒயினை எடுத்துக்கொள்வோம். 19ஆம் நாள் என்றால் கருவுக்கு ஐந்து நாள் வயது. அது கருப்பைச் சுவரில் இன்னும் பதிந்தேயிருக்காது. இன்னும் உறுப்புகளாகப் பிரியத் தொடங்காத செல்களின் சிறு உருண்டை அது. அந்தக் கட்டத்தில் பலத்த பாதிப்பு ஏற்பட்டால் கரு தங்காமலே போய்விடும். சில செல்கள் மட்டும் பாதிக்கப்பட்டால் மற்றவை அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும். "எல்லாம் அல்லது ஒன்றுமில்லை" என்று நாங்கள் இந்தக் கட்டத்தைச் சொல்வோம். உங்கள் கரு தங்கிவிட்டது. அந்த ஒரு மாலைக்காக நீங்கள் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். இதை இனிமேலான அனுமதியாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். கர்ப்பத்தில் இவ்வளவு குடித்தால் தீங்கில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் மதுவுக்குக் கிடையாது. கர்ப்பத்தில் தொடர்ந்து குடித்தால் குழந்தையின் முகத்தோற்றம், வளர்ச்சி, மூளை மூன்றும் பாதிக்கப்படுகின்றன. இதை மருத்துவர்கள் பெயரிட்டு விவரித்ததே 1973இல்தான். அதற்கு முன் எத்தனை குழந்தைகளை "மந்தம்" என்று சொல்லி ஒதுக்கினோமோ.

கருவின் மூன்றாவது வாரம் முதல் எட்டாவது வாரம் வரை, அதாவது உங்கள் கணக்கில் ஐந்து முதல் பத்து வாரம், உறுப்புகள் வார்க்கப்படும் காலம். கரு உருவான 22ஆம் நாளை ஒட்டி இதயம் துடிக்கத் தொடங்குகிறது. மூளையாகவும் தண்டுவடமாகவும் மாறப்போகும் நரம்புக் குழாய் 28ஆம் நாளுக்குள் மூடிக்கொள்கிறது. கைகளும் கால்களும் அந்த நாள்களில்தான் சின்ன மொட்டுகளாக அரும்புகின்றன. அண்ணம் இணைவது இன்னும் பல வாரம் கழித்து. மாதவிலக்கு தள்ளிப்போனதைக் கவனித்து, ஒரு வாரம் பொறுத்து, சோதித்துப் பார்த்து, யாரிடமாவது சொல்வதற்குள் இதில் பாதி முடிந்துவிடுகிறது. மருத்துவரைச் சந்திப்பதைத் தள்ளிப்போடாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

நாள்கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதை உலகம் ஒரு தூக்க மாத்திரையிடம்தான் கற்றுக்கொண்டது. 1957இல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு விற்பனைக்கு வந்தது. மிகவும் தீங்கற்றது என்று சொல்லி, மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்றார்கள். தூக்கத்துக்காகப் போட்டவர்களும் உண்டு, மசக்கைக் குமட்டலுக்காகப் போட்டவர்களும் உண்டு. நஞ்சுக்கொடி ஒரு மதில், மருந்துகள் அதைத் தாண்டிப் போகாது என்று பலரும் நம்பிய காலம் அது. 1961 நவம்பரில் அந்த மருந்தைத் திரும்பப் பெறுவதற்குள், கை கால்கள் குறுகிப் பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கை பல நாடுகளில் சேர்த்து 10,000ஐத் தாண்டிவிட்டது. அமெரிக்காவில் ஃபிரான்சிஸ் கெல்சி என்ற அதிகாரி, போதிய ஆதாரம் இல்லை என்று அனுமதி தர மறுத்துக்கொண்டே இருந்ததால் அங்கே அந்த அவலம் பெருமளவு தவிர்க்கப்பட்டது. பாதிப்பு நேர்ந்த நாள்களைப் பின்னர் ஆராய்ந்தபோது, கரு உருவான 20ஆம் நாளிலிருந்து 36ஆம் நாள்வரை என்ற குறுகிய இடைவெளி தெரியவந்தது. அதற்குள் விழுங்கிய ஓரிரு மாத்திரைகளே போதுமானவையாக இருந்தன.

இதைப் படித்ததும் உங்கள் கை உடனே கணக்குப் போட்டிருக்கும். 30ஆம் நாள். ஆம், நீங்கள் அந்த இடைவெளியில்தான் இருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கையில் இருப்பது தாலிடோமைடு அல்ல. டிரமடால் 1977 முதலும் அல்ப்ரஸோலம் 1981 முதலும் புழக்கத்தில் இருக்கின்றன. இத்தனை ஆண்டுகளில் கோடிக்கணக்கானோர் போட்டும், அப்படி அடையாளம் காணத்தக்க ஊன வரிசை எதுவும் இவற்றோடு சேர்த்துப் பதிவாகவில்லை. அபின் வகை மருந்துகளை முதல் மூன்று மாதங்களில் எடுத்தவர்களிடம் இதயக் குறைபாடு, நரம்புக் குழாய்க் குறைபாடு போன்றவை சற்றுக் கூடுதலாக இருப்பதாகச் சில ஆய்வுகள் காட்டின. கூடுதல் என்றாலும் மிகச் சிறிய எண்ணிக்கையில்தான். அல்ப்ரஸோலம் வகைக்கு உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு பற்றிய பயம் முன்பு பெரிதாகப் பேசப்பட்டது. பின்னால் வந்த பெரிய ஆய்வுகள் அந்தப் பயத்தைப் பெரும்பாலும் உறுதிசெய்யவில்லை. கருச்சிதைவு சற்றுக் கூடுகிறது என்ற ஐயம் இருக்கிறது.

எந்த மாத்திரையும் தொடாத தாய்மாருக்குப் பிறக்கும் நூறு குழந்தைகளிலும் ஏறத்தாழ மூன்று குழந்தைகளுக்குக் குறிப்பிடத்தக்க பிறவிக் குறைபாடு இருக்கும். உறுதிசெய்யப்பட்ட கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபதுவரை தானாகவே கலைகின்றன, அவற்றில் பாதிக்கு மேல் குரோமோசோம் கோளாறால். இதை இப்போதே சொல்லக் காரணம் இருக்கிறது. நாளைக்கு எதாவது நேர்ந்தால் "நான்தான் கொன்றேன்" என்று நீங்கள் உங்கள் தலையில் போட்டுக்கொள்ளக் கூடாது. அதே போல, எல்லாம் நன்றாகப் போனால் "மாத்திரை ஒன்றும் செய்யவில்லையே" என்று தொடரவும் கூடாது. உங்கள் குழந்தைக்கு ஊனம் இருக்காது என்று நான் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது, எந்தக் கர்ப்பிணிக்கும் தர முடியாது. ஆனால் இதுவரை நடந்ததால் குழந்தை நலமாகப் பிறக்கும் வாய்ப்பு கைவிட்டுப் போய்விடவில்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

எனக்கு உண்மையில் பயம் தருவது உங்கள் இரவுகள். டிரமடாலும் அல்ப்ரஸோலமும் தனித்தனியாக மூச்சை மந்தப்படுத்தும். சேர்ந்தால் ஒன்றின் வேலையை மற்றது பெருக்குகிறது. இந்தச் சேர்க்கையால் நேரும் மரணங்களைக் கண்டு, 2016இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இரு வகை மருந்துகளின் மீதும் மிகக் கடுமையான எச்சரிக்கையை அச்சிட வைத்தது. தூக்கத்தில் மூச்சு குறைந்தால் உங்களுக்கே தெரியாது. பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும், அவருக்கும் என்ன கவனிக்க வேண்டும் என்று தெரிந்திருந்தால்தான். உங்கள் கணவருக்கு எண்ணிக்கை தெரிய வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான். குறட்டை வழக்கத்துக்கு மாறாக இழுபட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, உலுக்கியும் எழாவிட்டாலோ அவர் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். "தூங்கட்டும், பாவம்" என்று விட்டுவிடக் கூடாது. இரவின் கடைசி வலி மாத்திரையையும் தூக்க மாத்திரையையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். மருத்துவரைப் பார்க்கும் வரை அவற்றுக்கிடையே பல மணி நேரம் இடைவெளி இருக்கட்டும்.

அட்டையின் பின்புறத்தில் இன்னொரு எண்ணும் இருக்கிறது, பலர் அதைப் பார்ப்பதே இல்லை. எட்டு மாத்திரையில் பாரசிட்டமால் 2,600 மில்லிகிராம். பெரியவர்களுக்கு நாளின் உச்ச அளவு 4,000. தலைவலி, காய்ச்சல் என்று தனியாகப் பாரசிட்டமால் மாத்திரையும் போட்டால் அதை எளிதில் தொட்டுவிடுவீர்கள். ஈரல் கெட்ட பிறகுதான் தெரியவரும். நான்கை ஒன்றாக விழுங்கிய அன்று ஒரே வேளையில் 1,300 மில்லிகிராம் போயிருக்கிறது. ஒரு வேளைக்கு 1,000க்கு மேல் கூடாது. அதனால் ஈரல் செயல்பாட்டுக்கான இரத்தப் பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். மசக்கை வாந்தியில் மாத்திரை வெளியே வந்துவிட்டதோ என்று சந்தேகப்பட்டு மறுபடி போடும் பழக்கமும் ஆபத்து. வாந்திக்கு மருந்து எழுதுபவருக்கும் நீங்கள் டிரமடால் எடுப்பது தெரிய வேண்டும், அதோடு சேரக் கூடாத மருந்துகள் உண்டு. முதுகு வலி திரும்பினால், மாற்று வலி மருந்தென்று நீங்களாகவே இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் பக்கம் போகாதீர்கள். 20ஆம் வாரத்துக்குப் பிறகு அவை சிசுவின் சிறுநீரகத்தையும், இன்னும் பிந்தினால் இதயத்தை ஒட்டிய ஒரு முக்கிய இரத்தக்குழாயையும் பாதிக்கக்கூடியவை. மூலிகைதானே என்று எதையும் சேர்க்கவும் வேண்டாம்.

கருவைக் கலைப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்தக் கர்ப்பத்தைத் தொடர்வதா என்பது உங்கள் முடிவு. உங்களுக்கு வேறு காரணங்கள் இருந்தால் மருத்துவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். ஆனால் இந்த மாத்திரைகள் போட்டுவிட்டேன் என்ற ஒரே காரணத்துக்காகக் கலைக்க வேண்டிய மருத்துவத் தேவை எதையும் நான் காணவில்லை. பயத்தில் எடுக்கும் முடிவைப் பத்து நாள் தள்ளிவைத்து, ஸ்கேனும் பார்த்து, தெளிவான தலையோடு எடுங்கள்.

எந்த முடிவானாலும், கலைப்பு மாத்திரையை நீங்களாக வாங்கிப் போட்டுவிடாதீர்கள். கரு கருப்பைக்கு வெளியே, கருக்குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரை அதைக் கலைக்காது. வரும் வலியையும் இரத்தப்போக்கையும் கலைப்பின் வலி என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே குழாய் வெடித்துவிடலாம். பாதி கலைந்து நின்றால் இரத்தம் நிற்காமல் போகும், கிருமி தொற்றும். கலையாமல் கர்ப்பம் தொடர்ந்தால் இன்னொரு அவலம். பிரேசிலில் மிசோப்ரோஸ்டால் என்ற கலைப்பு மாத்திரையை இப்படித் தாமாகவே போட்டு, கலைப்பு நடக்காமல் போனவர்களுக்குப் பிறந்த சில குழந்தைகளுக்கு முகநரம்பு செயலிழந்தும் கை கால்கள் குறைபட்டும் இருந்ததை 1990களில் மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள். நீங்கள் இதுவரை போட்டதைவிட, பயத்தில் அடுத்துப் போடக்கூடிய இந்த மாத்திரைதான் கருவுக்கு அதிகத் தீங்கு செய்யக்கூடியது.

உங்கள் கடிதத்தைப் படிக்கும் மற்றப் பெண்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை. எல்லா மருந்துக்கும் ஒரே விதி கிடையாது. முகப்பருவுக்கு ஐசோட்ரெடினாயின் விழுங்குபவர்கள் கர்ப்பம் என்று தெரிந்த நிமிடமே நிறுத்தி மருத்துவரிடம் ஓட வேண்டும். காது, இதயம், மூளை ஆகியவற்றை அது கடுமையாகச் சிதைக்கக்கூடியது. வலிப்புக்கு வால்ப்ரோயேட் எடுப்பவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது, ஆனால் அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும். அதை எடுத்த தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்குப் பெரிய குறைபாடு காணப்படுகிறது. தைராய்டு குறைவுக்கான மாத்திரையையோ ஆஸ்துமா மருந்தையோ பயந்து நிறுத்துவதுதான் கருவுக்குக் கேடு. புகைப்பவர்கள் இன்றே விடலாம், அதற்குக் காத்திருக்கத் தேவையில்லை. கஞ்சாவுக்கும் அதுவே. அன்றாடம் அதிகமாகக் குடிப்பவர்கள் மட்டும் மருத்துவமனையில் வைத்துத்தான் விட வேண்டும், அவர்களுக்கும் திடீர் நிறுத்தம் வலிப்பில் கொண்டுபோய் விடும்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு நான் நேர்மையாகப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். டாக்டர் என்ன நினைப்பார்? பயிற்சி முடித்த புதிதில் என்னிடம் ஒரு பெண் வந்தார். மூன்று மாதக் கர்ப்பம். கோடீன் என்ற அபின் வகை மருந்து கலந்த இருமல் மருந்தைப் பாட்டில் பாட்டிலாகக் குடிப்பதாகத் தாழ்ந்த குரலில் சொன்னார். அதைச் சொல்வதற்கு அவர் எத்தனை நாள் தைரியத்தைச் சேர்த்திருப்பார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. "ஒரு தாய் செய்கிற காரியமா இது?" என்று கேட்டேன். அவர் சீட்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். அதன் பிறகு பிரசவ வலியோடுதான் வந்தார். இடையில் ஒரு ஸ்கேன் இல்லை, ஒரு இரத்தப் பரிசோதனை இல்லை. இரண்டாம் நாள் குழந்தை நடுங்கியது, கீச்சிட்ட குரலில் அழுதுகொண்டே இருந்தது, பால் குடிக்க மறுத்தது. நான் அன்று விடுப்பில் இருந்தேன். காரணம் தெரியாமல் பச்சிளங்குழந்தைப் பிரிவில் கிருமித் தொற்றா, மூளைக் காய்ச்சலா என்று ஒரு நாள் முழுக்கத் தேடினார்கள். அந்தச் சின்ன முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். தாய் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என்ன கிடைக்கும் என்று நான்தானே அவருக்குக் காட்டியிருந்தேன். குழந்தை பிழைத்துத் தேறியது. அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது.

அதனால், உங்களைக் கடிந்துகொள்ளும் மருத்துவர் அமைந்தால் அது அவருடைய குறை. இன்னொருவரைத் தேடுங்கள், ஆனால் சொல்வதை விட்டுவிடாதீர்கள். பேச்சு வராது என்று தோன்றினால் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் நீட்டுங்கள். இப்படி எழுதினால் போதும்: "கடைசி மாதவிலக்கு இந்தத் தேதி. டிரமடாலும் பாரசிட்டமாலும் கலந்த மாத்திரை நாளுக்கு எட்டு, இரண்டரை வருடமாக. அல்ப்ரஸோலம் இரவில் ஒரு மில்லிகிராம், ஒரு வருடமாக. ஒரு முறை நிறுத்தினேன், நடுக்கமும் வயிற்றுப்போக்கும் வந்தன, மறுபடி தொடங்கிவிட்டேன். விட விரும்புகிறேன்." எண்ணிக்கையைக் குறைத்து எழுதாதீர்கள். எட்டை நான்கு என்று சொன்னால், நான்குக்கு ஏற்றபடி சிகிச்சை தொடங்கும். அது பற்றாமல் நீங்கள் ரகசியமாக அட்டையைத் தேடுவீர்கள். காலி அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள்.

ஃபோலிக் அமிலம் இதுவரை எடுக்கவில்லை என்றால் இன்றே தொடங்குங்கள். பொதுவாக நாளுக்கு 400 மைக்ரோகிராம், உங்களுக்குக் கூடுதல் தேவையா என்பதை மருத்துவர் சொல்வார். நரம்புக் குழாய் மூடும் நாள் உங்கள் கணக்குப்படி கடந்துவிட்டது என்பது உண்மைதான். கணக்கு சில நாள்கள் முன்பின்னாக இருக்கலாம், அதனால் 12ஆம் வாரம்வரை எடுப்பதே முறை. முதல் ஸ்கேனில் கரு கருப்பைக்குள் இருக்கிறதா, எத்தனை நாள், துடிப்பு உண்டா என்று பார்ப்பார்கள். 11 முதல் 14 வாரத்துக்குள் ஒன்று, 18 முதல் 20 வாரத்தில் உறுப்புகளை விரிவாகப் பார்க்கும் இன்னொன்று. தண்டுவடமும் இதயமும் உதடும் அப்போதுதான் நன்றாகத் தெரியும். ஸ்கேன் எடுப்பவரிடமும் மாத்திரை விவரத்தைச் சொல்லுங்கள், எங்கே உற்றுப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஸ்கேனில் எல்லாமே தெரிந்துவிடாது என்பதையும் மனத்தில் வைத்திருங்கள்.

பிரசவம், பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு வசதி உள்ள இடத்தில் நடக்க ஏற்பாடு செய்யுங்கள். புப்ரினார்பினில் இருந்தாலும் குழந்தைக்குப் பிறந்த சில நாள்களில் விடுபடும் உபாதை வரலாம். முன்கூட்டியே தெரிந்திருந்தால் அது கையாளக்கூடிய ஒன்று. வெளிச்சமும் சத்தமும் குறைந்த அறை, தாயின் நெஞ்சோடு அணைப்பு, தாய்ப்பால் ஆகியவற்றிலேயே பல குழந்தைகள் அமைதியாகிவிடும். சிலருக்குக் கொஞ்ச நாள் மருந்து தேவைப்படும். நீங்கள் எடுக்கும் மருந்தைப் பொறுத்துத் தாய்ப்பால் பற்றிய முடிவை அப்போது எடுப்பார்கள். டிரமடாலைத் தொடர்ந்து போட்டுக்கொண்டு பால் கொடுப்பது நல்லதல்ல, அதற்குள் மாற்றிவிட இன்னும் ஏழரை மாதம் இருக்கிறது.

கணவரிடம் எப்படிச் சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுவதும் அதுதான் ஒளிந்திருக்கிறது. அவர் கோபக்காரர், சொன்னால் உங்களுக்கு ஆபத்து என்றால் முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள், அவர் முன்னிலையில் பேசலாம். அப்படி இல்லையென்றால் இன்று இரவு விளக்கை அணைப்பதற்கு முன் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும், அலமாரிக்குப் பின்னால் இருப்பதையும் சேர்த்து, அவர் கையில் கொடுங்கள். அன்றாட அளவை மட்டும் அவர் எடுத்துத் தரட்டும். எட்டு என்று சொல்லிவிட்டு, குளியலறையில் அழுததையும் சொல்லுங்கள். சந்திப்புக்கு அவரும் உடன் வரட்டும்.

முதல் ஸ்கேன் முடிந்ததும் எனக்கு இரண்டு வரி எழுதுங்கள். காத்திருப்பேன்.